விடுதலை கேட்கவில்லை, டீச்சரைக் கேட்டேன்

என் மகன் தினேஷ் குற்றம் செய்தான். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். கோயில் திருவிழா மலர்களில் அச்சாகும் அனுபவங்களில் பிள்ளைகள் எல்லோரும் பொய் வழக்கில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். என் பிள்ளை மேல் விழுந்தது பொய் வழக்கு இல்லை. அம்மன் எனக்கு என்ன செய்தாள் என்று சொல்ல வந்தவள், அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் அது அவளுக்கே அடுக்காது.

என் பெயர் செல்வராணி. கரவனெல்லைக்கு மேலே இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். தினேஷ் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அவன் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு நானும் அவனும் மாரியம்மனும்தான்.

சாமான் விலை எல்லாம் ஏறி, நாடே தடுமாறிக்கொண்டிருந்த காலம். தோட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மத்தியானம் நல்ல மழை. எல்லோரும் கல்யாணப் பந்தலில் இருந்தோம். அந்த நேரம் பார்த்து, வெளியிலிருந்து வந்த இரண்டு பெரிய பையன்களோடு சேர்ந்து தினேஷ் ஸ்டோரின் பின்கதவை உடைத்தான். ரப்பர் சீட்டுகளை வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். காவலுக்கு இருந்த வாச்சர் ராமையா அண்ணன் சத்தம் கேட்டு ஓடி வந்து இவன் சட்டையைப் பிடித்தார். இவன் அவரைத் தள்ளினான். அண்ணன் ஸ்டோர் படியில் விழுந்தார். வலது கை முறிந்தது.

மற்ற இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள். என் மகன் ஓடவில்லை. அண்ணன் வலியில் கத்துவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றான். பொலிஸ் வந்தபோதும் நின்றான். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. சாதாரண தரப் பரீட்சைக்கான வகுப்புக்குப் போன புதிது.

ராமையா அண்ணன் எங்கள் வரிசை வீட்டு லயத்தில்தான் இருக்கிறார். அவர் காம்பராவுக்கும் எங்களுடையதற்கும் நடுவில் இரண்டே குடும்பம். கட்டு அவிழ்த்த பிறகும் அவர் கை முழுதாக நிமிரவில்லை. அதற்கு வைத்தியர்கள் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை என் மகன் மேல்தான்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்த நாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அண்ணன் மனைவி பார்வதி அக்கா என் குடத்தைத் தள்ளி வைத்தார்.

"ஒம் மகன் கைய நீட்டினான், எம் மனுசன் கை போச்சு. நீ இந்தப் பீலிப் பக்கம் வராத."

குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அன்றிலிருந்து கீழ்ப் பீலிக்குப் போய் தண்ணீர் எடுத்து வந்தேன்.

நீதவான் தினேஷைச் சிறுவர்களைத் தடுத்து வைத்திருக்கும் ஓர் இல்லத்துக்கு அனுப்பினார். எந்த இல்லம் என்று எழுத மாட்டேன். அங்கே இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வரக்காப்பொலையில் இறங்கி இன்னொரு பஸ் எடுக்க வேண்டும். இவ்வளவு போதும்.

முதல் தடவை பார்க்கப் போனபோது அவன் மெலிந்து போயிருந்தான். அடிக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றான். சாப்பாடு? பரவாயில்லை என்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அம்மா, அடுத்த தடவ வரும்போது கணக்குப் புத்தகத்தக் கொண்டாங்க. இங்க கிளாஸ் எல்லாம் சிங்களத்துலதான் நடக்குது. நாங்க தமிழ்ப் பையன்க நாலு பேரு பின்னாடி ஒக்காந்திருக்கோம். டீச்சர் எழுதுறது ஒன்னும் வெளங்கல. கொஞ்ச நேரத்துல எங்கள முத்தம் கூட்டச் சொல்லி அனுப்பிருவாங்க."

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். கடையில், பஸ்ஸில், மைதானத்தில் பேசிப் பழகிய சிங்களம் அது. எழுத்து வேறு. அவன் முதலாம் ஆண்டிலிருந்து படித்தது தமிழில். தமிழில் படித்தவன் தமிழில்தானே பரீட்சை எழுத முடியும்?

அடுத்த மாதம் புத்தகத்தோடு போனேன். கேட்டில் இருந்த காவலாளி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"மேக்கே மொனவாத லியலா தியென்னே?"

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார். கணக்கு என்று சிங்களத்தில் சொன்னேன். தமிழ் வாசிக்கத் தெரிந்த யாரும் இங்கே இல்லை, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாத புத்தகத்தை விட முடியாது என்றார். புத்தகம் கேட்டிலேயே நிற்கட்டும், நீ உள்ளே போ என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. முதல் பக்கத்தைத் திறந்து அரசாங்கச் சின்னத்தை விரலால் தொட்டுக் காட்டினேன்.

"இது ஒங்க அரசாங்கம் அச்சடிச்சு, எம் பிள்ளைக்கு இலவசமாக் குடுத்த புத்தகம். அரசாங்கத்தோட கேட்டுக்குள்ள அரசாங்கத்தோட புத்தகம் போகக் கூடாதா?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்துவிட்டேன். புத்தகம் உள்ளே போகாமல் நானும் உள்ளே போக மாட்டேன் என்றேன்.

வெயில் ஏறியது. கடைசியில் இல்லப் பொறுப்பாளர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் தமிழில் படிப்பிக்க ஒரு டீச்சர் வேண்டும் என்று பேச்செடுத்ததும் முடியாது என்று தலையாட்டினார்.

"கொல்லாட்ட சிங்கள ஹொந்தட்ட புளுவன்னே, அம்மே." பையனுக்குச் சிங்களம் நன்றாக வருகிறதே என்கிறார். தச்சு வேலை பழகட்டும், வெளியே போனால் கைத்தொழில் இருக்கும் என்றார்.

"சேர், ஒங்களுக்கும் கொஞ்சம் தமிழ் வருதுதானே. தமிழ்ல பரீட்ச எழுதச் சொன்னா எழுதுவீங்களா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மேலிடத்துக்கு எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், தமிழ் ஆசிரியர் யாரும் கிடைக்கவில்லை, நீ ஒருவரைக் கூட்டி வந்தால் நான் கதவைத் திறக்கிறேன் என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தேன். அவன் படித்த பாடசாலை அதிபரிடம் போனேன். மற்றப் பிள்ளைகளின் தாய் தகப்பன் என்ன சொல்வார்கள் என்று அவர் என்னையே கேட்டார். டவுனில் டியூசன் நடத்தும் இரண்டு மாஸ்டர்களிடம் போனேன். ஒருவர், அந்த மாதிரிப் பையன்களிடம் போகப் பயமாக இருக்கிறது என்றார். மற்றவர், "படிச்சிருந்தா அங்க போயிருப்பானா? போன பிறகு எதுக்குப் படிப்பு?" என்றார். அந்தக் கேள்வியை நான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மென்றுகொண்டு வந்தேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இதற்கிடையில் உள்ளே தினேஷ் ஒடிந்துகொண்டிருந்தான். புத்தகத்தைத் தனியாக வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போவான்? ஒரு தடவை போனபோது அவன் புத்தகத்தை என் மடியில் வைத்தான்.

"எடுத்துட்டுப் போங்கம்மா. புரியாத எடத்துல கேக்க ஆளில்ல. எழுதி மட்டும் என்ன ஆகப் போகுது? எல்லாரும் களவெடுத்தவன்னுதான் சொல்லப் போறாங்க."

அதற்கடுத்த தடவை அவன் என்னைப் பார்க்கவே வெளியே வரவில்லை. கொண்டுபோன சோற்றுப் பார்சலைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வரக்காப்பொலை பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் நடுவில் நின்று அழுதேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன்.

வெள்ளிக்கிழமை பூசைக்குப் போனபோது பூசாரி ஐயா பரிவாகத்தான் சொன்னார். "பிள்ள சீக்கிரம் வெளிய வரணும்னு நேர்ந்துக்க செல்வராணி. ஆத்தா கைவிட மாட்டா."

பக்கத்தில் நின்ற பெண்களும் அதையே சொன்னார்கள். எனக்குள் ஏதோ அறுந்தது. எல்லோரும் விடுதலை, விடுதலை என்கிறார்கள். ராமையா அண்ணன் கை முறிந்திருக்கிறது. என் மகன் செய்ததற்கு அவன் அங்கே இருக்கட்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீதவான் என் பிள்ளையை அங்கே இரு என்றுதான் சொன்னார். படிக்காதே என்று சொல்லவில்லை. இந்த இரண்டாவது தண்டனையைக் கொடுத்தது யார்?

அன்றைக்குக் கோயில் நிறைய ஆட்கள். தீபாராதனை முடிந்து பூசாரி ஐயா குங்குமத் தட்டோடு வந்தார். நான் கையை நீட்டவில்லை. அம்மனைப் பார்த்து உரக்கப் பேசினேன். மனதுக்குள் பேசிப் பேசி எனக்கு அலுத்துப் போயிருந்தது.

"ஆத்தா, நான் விடுதல கேக்க வரல. எனக்கு ஒரு டீச்சர் வேணும். தமிழ்ல பாடம் சொல்லித் தர ஒரே ஒரு ஆளு. இத்தன தோட்டத்துல ஒரு ஆளு கூடவா ஒனக்குக் கெடைக்கல? வருசா வருசம் பால் கொடம் எடுத்தேன். தீ மிதிச்சேன். ஒரு நாளாவது ஏதாச்சும் கேட்டிருக்கேனா? இப்ப கேக்குறேன். நீ குடுக்குற வரைக்கும் ஒனக்கு நான் வெளக்கேத்த மாட்டேன். ஒன் குங்குமம் வாங்க மாட்டேன். கேட்டுக்கு உள்ள இருக்குற பிள்ளைக்கும் நீ தாய்தானே? தாய்னா நடந்து காட்டு."

பூசாரி ஐயா திகைத்துப் போனார். "சாமிகிட்டப் பேசுற பேச்சா இது?"

"மத்த எல்லாருகிட்டயும் பேசிட்டுத்தாங்க ஐயா இங்க வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்தேன்.

எங்களுக்கு வேலைநிறுத்தம் புதிதில்லை. சம்பளத்துக்காக, காலையில் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் வெயிலில் உட்கார்ந்திருக்கிறோம். கேட்டது கிடைக்கும் வரை எழும்பக் கூடாது என்று எங்களுக்குத் தெரியும். காம்பராவில் அம்மன் படத்துக்கு முன்னால் விளக்கைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தேன். படத்தை எடுக்கவில்லை. அவள் என்னைப் பார்க்கட்டும், நானும் அவளைப் பார்ப்பேன் என்று விட்டேன். லயத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். சாமி கண்ணைக் குத்தும் என்றார்கள். குத்தட்டும், அப்போதாவது என் பக்கம் திரும்புவாள் என்றேன்.

கொஞ்ச வாரம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. காலையில் மலையில் மரம் மரமாகப் பால் வெட்டிக்கொண்டு போகும்போது கூட அவளோடு சண்டைதான். விட்டுவிடலாமா என்று ஒரு நாளும் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் விடவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, தினேஷைப் பார்க்கப் போக பஸ்ஸுக்கு நின்றேன். யாரோ பின்னால் வந்து நின்றார்கள். திரும்பினால் கோகிலா. ராமையா அண்ணனின் மகள். உயர்தரம் பாஸ் பண்ணி, பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் உதவி ஆசிரியையாக இருக்கிறாள். கணக்கும் விஞ்ஞானமும் படிப்பிக்கிறாள். அந்த வீட்டில் யாரும் என்னோடு பேசி ஒரு வருடத்துக்குக் கிட்டே இருக்கும். நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவள் போகவில்லை.

"அத்த, நானும் வாரேன்."

"எங்கம்மா?"

"நீங்க போற எடத்துக்குத்தான்."

அவள் கோபமாகத்தான் பேசினாள்.

"அன்னைக்குக் கோயில்ல ஆத்தாகிட்டக் கேட்டீங்கல்ல, ஒரு ஆளு கூடவா இல்லன்னு? நான் ஒங்களுக்கு நேர் பின்னால நின்னுக்கிட்டு இருந்தேன். ஊரெல்லாம் போய்க் கேட்டீங்களாம். ரெண்டு காம்பரா தாண்டி ஒரு டீச்சர் இருக்கான்னு ஒங்களுக்குத் தெரியாதா? எனக்கு ரோசமா வந்துச்சு அத்த."

"எந்த மொகத்த வச்சுக்கிட்டும்மா ஒன் வாசல்ல வந்து கேப்பேன்?"

"கேட்டிருந்தா நான் அன்னைக்கு மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். "இப்பவும் அவன மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீங்க. மன்னிக்கல. ஆனா அவன் கணக்குப் படிக்காமப் போனா எங்கப்பா கை நிமிர்ந்துருமா? எங்க பிள்ளைங்களுக்குப் படிப்பு வராதுன்னு சொல்றவங்கள நான் தெனம் பார்க்குறேன். அவங்க பேச்சு நெசமாகறதுக்கு நான் விடமாட்டேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேன். பேச மாட்டேங்குறாரு. அம்மா இன்னைக்கு எனக்குச் சோறு கட்டித் தரல."

என் பார்சலில் தினேஷுக்குக் கொண்டு போன சோறு இருந்தது. அதில் பாதியை அவளுக்கு வரக்காப்பொலையில் பிரித்துக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பொறுப்பாளர் தான் சொன்ன வார்த்தையை மறக்கவில்லை. கதவைத் திறந்தார். ஆனால் அவர் மட்டும் போதாதே. பிள்ளைகளுக்குப் பொறுப்பான நன்னடத்தை அதிகாரி, எல்லோரும் புரோபேஷன் மிஸ் என்று சொல்பவர், கோகிலா யாருடைய மகள் என்று தெரிந்ததும் மறுத்துவிட்டார். அடிபட்டவரின் மகளை அடித்தவனிடம் எப்படி அனுப்புவது? பழி வாங்க வந்திருந்தால்? அல்லது யாராவது வற்புறுத்தி அனுப்பியிருந்தால்? அவருடைய யோசனையில் பிழை சொல்ல முடியாது. அடிபட்டவர் தானே நேரில் வந்து சம்மதம் சொன்னால் பார்க்கலாம் என்றார்.

அன்று திரும்பி வரும்போது கோகிலா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் அம்மனைத் திட்டிக்கொண்டே வந்தேன். கையில் கொடுத்துவிட்டுப் பறிக்கிறாயா என்று கேட்டேன். நீ கொடுத்த ஆளை நீதான் உள்ளே அனுப்ப வேண்டும், இனி அது உன் பொறுப்பு, நான் விளக்கை நிமிர்த்த மாட்டேன் என்றேன்.

ராமையா அண்ணனிடம் நான் போகவில்லை. கோகிலா மட்டும் வீட்டில் பேசினாள். சுவர்கள் மெல்லியவை. சத்தம் எங்கள் காம்பரா வரை வந்தது. பார்வதி அக்கா அழுதார். கோகிலாவும் அழுதாள். அண்ணன் சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் ராமையா அண்ணன் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோகிலா. அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். வரக்காப்பொலையில் மாறி, அடுத்த பஸ்ஸிலும் அப்படியே உட்கார்ந்து போனோம்.

புரோபேஷன் மிஸ் அவரைக் கதிரையில் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. நிமிராத கையை மேசைக்கு நேரே நீட்டிக் காட்டினார்.

"மகே அத்த தமய் கெடுனே. துவகே கட்ட நெவெய்."

என் கைதான் உடைந்தது, என் மகளுடைய வாய் இல்லை என்றார். பிறகு நிறுத்தாமல் சிங்களத்தில் சொன்னார். அந்தப் பையனை நான் மன்னிக்கவில்லை. அவனைப் பார்க்கவும் எனக்கு வேண்டாம். என்னை யாரும் வற்புறுத்தவும் இல்லை. என் மகள் டீச்சர். டீச்சர் பாடம் சொல்லித் தரப் போகிறேன் என்றால் தகப்பன் மறிக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தேன்.

மிஸ் எழுந்து போய்ப் பொறுப்பாளரைக் கூட்டி வந்தார்.

சாப்பாட்டு மண்டபத்தின் ஓரத்தில் ஒரு கரும்பலகை வைத்துக் கொடுத்தார்கள். நான்கு தமிழ்ப் பையன்களும் வந்து உட்கார்ந்தார்கள். தினேஷ் கோகிலாவைக் கண்டதும் முகம் வெளுத்துப் போனான். எழுந்து ஓடப் பார்த்தான். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒக்காரு" என்றாள் அவள்.

"அக்கா, நான் ராமையா மாமாவ..."

"அத அவருகிட்ட ஒரு நாள் நீயே சொல்லு. எங்கிட்ட வேணாம். இப்ப ஒக்காந்து சமன்பாட்ட எழுது. எதுல விட்ட?"

அவன் தலை குனிந்தபடியே இருந்தான். கோகிலா பலகையில் தட்டினாள். "தலையத் தூக்கு. நெலத்துலயா எழுதியிருக்கேன்?"

ஒரு சின்னப் பையன் களுக்கென்று சிரித்தான். தினேஷ் தலையைத் தூக்கினான். கண்ணீர் வடிந்தது, துடைக்காமலே எழுதினான்.

அன்று வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு விளக்கை நிமிர்த்தி எண்ணெய் ஊற்றினேன். திரி நனைந்து பிடிக்கும் வரைக்கும் கூட எனக்குப் பொறுமை இல்லை. அம்மனிடம் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதது மட்டும் ஞாபகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கோயிலில் குங்குமத்துக்குக் கை நீட்டியபோது பூசாரி ஐயா, "என்ன, ஆத்தா தோத்துட்டாளா?" என்று கேட்டார்.

"இல்லீங்க ஐயா. பேச்சுவார்த்தை முடிஞ்சிருச்சு" என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

பரீட்சைக்கு அவன் பெயரைப் பாடசாலையிலிருந்து அனுப்பவில்லை. கோகிலாவே தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்க வைத்தாள். அந்த வருடங்களில் பரீட்சை பிந்திப் பிந்தித்தான் நடந்தது. மற்றப் பிள்ளைகள் அலுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒவ்வொரு தள்ளிப்போடலும் இன்னும் சில சனிக்கிழமைகள்.

பரீட்சை நாளில் இல்லத்து உடுப்போடுதான் அனுப்புவோம் என்றார்கள். நான் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டு போயிருந்தேன். பொறுப்பாளர் என் முகத்தைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். "அம்மேவோடு என்னால் சண்டை போட முடியாது" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

பரீட்சை மண்டபத்தில் இன்னொரு சோதனை. வாசலில் ஒருவர், இல்லத்துப் பையன் என்று கேள்விப்பட்டதும் மேசையை வெளி விறாந்தையில் போடச் சொன்னார். மற்றப் பிள்ளைகளுக்கு இடைஞ்சலாம். நான் வாயைத் திறக்குமுன் கோகிலா முன்னால் போனாள்.

"சேர், சுட்டெண் வரிசப்படிதான் ஒக்கார வைக்கணும். இந்தப் பிள்ளைக்கும் சுட்டெண் இருக்கு. மழ வந்து வெளிய அவன் பேப்பர் நனஞ்சா யாரு பொறுப்பு? ஒங்க பேரச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

மேசை உள்ளே போனது. என் மகன் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடுவில், தன் எண்ணுக்குரிய இடத்தில், வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்தான். யார் எங்கிருந்து வந்தவன் என்று அங்கே பார்த்துச் சொல்ல முடியாது. எல்லோர் முகத்திலும் ஒரே பயம்தான்.

ஆறு பாடம் பாஸ். கணக்கில் சி. ஆங்கிலம் போய்விட்டது. இதை விடப் பெரிய பெறுபேறுகள் இந்த மலரில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இருக்கும். நல்லது. எனக்கு அந்த ஆறும் போதும்.

காலம் முடிந்து தினேஷ் வீட்டுக்கு வந்தான். வந்த அன்றே, நான் தடுத்தும் கேட்காமல், ராமையா அண்ணன் வாசலுக்குப் போனான். அவர் வெளியே வந்தார். இவன் காலில் விழுந்தான். அவர், "எந்திரி. விறகு பொளக்க எனக்குக் கை வராது. ஞாயித்துக்கெழம வந்து பொளந்து போட்டுட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. தினேஷ் இப்போது இரத்தினபுரியில் மின்சார வேலை படிக்கிறான். லீவில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் விறகு பிளக்கிறான். பார்வதி அக்கா என்னோடு இன்னும் பேசுவதில்லை. ஆனால் மேல் பீலியில் என் குடத்தை யாரும் இப்போது தள்ளி வைப்பதில்லை.

என் மகன் வெளியே வந்த பிறகும் நான் சனிக்கிழமைகளில் போகிறேன். கோகிலாவும் வருகிறாள். வரக்காப்பொலையில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்து மருமகள், தமிழும் வரலாறும் சொல்லித் தர வருகிறார். நான் படிப்பிக்க மாட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சோறு கட்டிக்கொண்டு போவதும், யாரும் பார்க்க வராத பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும்தான்.

உங்களில் சிலர் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். கேட்டால், கொழும்பில் கடை வேலை என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். எனக்கு விளங்கும். ஆனால் வெட்கப்பட்டு மூலையில் உட்கார்ந்து கும்பிடாதீர்கள். அம்மனிடம் உரக்கக் கேளுங்கள். பிள்ளை செய்த தப்பை ஒப்புக்கொண்டு, அவனுக்கு வரவேண்டியதையும் கேளுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நான் கோபித்தபோதும் அவள் என்னைக் கைவிடவில்லை.

போன மாதம் இல்லத்துக்குப் புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான். எந்த மொழியிலும் தன் பெயரை எழுதத் தெரியாது. அவனுக்கு அரிச்சுவடியிலிருந்து தொடங்க ஒருவர் வேண்டும். பெரிய படிப்புத் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும். இதை வாசிக்கும் யாருக்காவது மனம் இருந்தால் எங்கள் கோயிலில் என் பெயரைச் சொல்லிக் கேட்டு வாருங்கள். போகப் பயமாக இருந்தால் நானும் கூட வருகிறேன். கேட்டில் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும்.